தோலுக்கும் இதயத்துக்கும் சேர்த்து 78 டெஸ்ட்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ரிவ்யூ

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. ரிப்போர்ட் வந்து சேர்ந்த வேகத்துக்கு நான்கு. ரிப்போர்ட்டில் அடித்திருந்த விஷயத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் எழுத்துப்பிழை இல்லாததற்காகப் போட்டது. லேபின் பெயரை எழுதப் போவதில்லை. பாளையங்கோட்டையில் இப்போது தெருவுக்கு ஒரு லேப் இருக்கிறது, எல்லாருடைய நோட்டீசும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கிறது. என் புகார் அந்த ஒரு கடையைப் பற்றியது என்பதைவிட, இந்த மாதிரி பேக்கேஜ்களைப் பற்றியது.

சமாதானபுரம் பக்கம் சின்னதாக ஒரு பிரஸ் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ். வருமானத்தில் பாதி, ஐகிரவுண்ட் மெடிக்கல் காலேஜில் படிக்கிற மேற்படிப்பு டாக்டர்களின் ஆய்வேடுகளை அடித்து பைண்டிங் போட்டுக் கொடுப்பதில் வருகிறது. கடைசி நாளில் பென்டிரைவோடு ஓடி வருவார்கள். பக்க எண் தப்பியிருக்கும், அட்டவணை பக்கத்தை விட்டு வெளியே தொங்கும், நான்தான் உட்கார்ந்து சரி பண்ணுவேன். இப்படிப் புரூஃப் பார்த்துப் பார்த்தே சி.ஆர்.பி., இன்டர்லூக்கின் போன்ற அழற்சிச் சமாச்சாரப் பெயர்கள் எல்லாம் எனக்கு அறிமுகம். அதிலும் தோல் பிரிவுக்காரர்களின் ஆய்வேடு வந்தால் கொஞ்சம் நின்று வாசிப்பேன். காரணம், எனக்கே சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலையில் காதோரம். சித்தாவில் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் தடவித் தடவி என் பனியன்களில் பாதி ஊதா நிறத்தில் இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் வருகிற நிறம் அது, எந்தச் சோப்புக்கும் போகாது. போன வருடம் கொஞ்சம் தீவிரமானதும் தோல் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்கள் ரத்த அணுக்களையும் ஈரலையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் இந்த லேபுக்கு வாடிக்கையாளன் ஆனேன்.

வழக்கமான டெஸ்டுக்கு போன் செய்தபோது, எதிர்முனையில் இருந்த பெண் குரல், "சார், நீங்க சொரியாசிஸ் பேஷன்ட்டா? அப்போ இதுக்குன்னே ஒரு பேக்கேஜ் இருக்கு" என்றது. ஸ்கின், ஹார்ட், இம்யூனிட்டி மூன்றும் சேர்த்து 78 டெஸ்ட், 2,999 ரூபாய். எனக்கு மூன்று நாளாகத் தொண்டைக் கட்டும் லேசான காய்ச்சலும் இருக்கிறதே, இப்போது எடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுக்கலாம் சார், வெறும் வயித்துல இருந்தா போதும்." அந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

78 என்ற கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, இங்கே எழுத முடியாது. ரத்த அணுக்கள் கணக்கு என்பது ஒரு டெஸ்ட். ஒரு டியூப், ஒரு மிஷின், ஒரே ஓட்டம். அதிலிருந்து ஹீமோகுளோபின், வெள்ளணு, அதன் வகைகள், தட்டணு, சிவப்பணுவின் அளவு என்று இருபதுக்கு மேல் வரிகள் வரும். வரிக்கு வரி ஒரு டெஸ்ட் என்று எண்ணியிருக்கிறார்கள். ஈரலுக்குப் பத்துப் பன்னிரண்டு வரி, கொழுப்புக்கு எட்டு வரி. கொழுப்பிலும் இரண்டு மூன்று எண்களை அளப்பதே இல்லை, மற்ற எண்களை வைத்துக் கழித்தும் வகுத்தும் போடுவதுதான். நான் ஒரு பத்திரிகை அடித்துவிட்டு அதில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனை வேலை என்று பில் போட்டால் சும்மா விடுவார்களா?

ரத்தம் எடுக்க வந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு ஸ்கூட்டியில் வந்துவிட்டார். சொரியாசிஸ்காரன் சட்டைக் கையை மடக்கினால் எதிராளியின் முகம் எப்படி மாறும் என்பது எங்களுக்குத் தெரியும். சலூனிலும் பஸ்ஸிலும் பார்த்துப் பழகிய முகம்தான். இவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தார், ரப்பர் பட்டையைச் சட்டைத் துணியின் மேலேயே கட்டினார், படை இல்லாத சுத்தமான தோலாகத் தேடி நரம்பைத் தடவிப் பிடித்தார். "படை மேல குத்துனா பெருசாகும்லா, அதான்" என்றார். சரியாகச் சொன்னார். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதுப்படை கிளம்பலாம். 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கவனித்து எழுதிய ஜெர்மன் தோல் மருத்துவர் கோப்னரின் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஊதா மூடி டியூபை உடனே மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலந்தார், ரத்தம் உறையக்கூடாது என்பதற்காக. மஞ்சள் மூடி, சாம்பல் மூடி என்று மற்றவை. ஒவ்வொன்றிலும் என் எதிரிலேயே பெயர் ஸ்டிக்கர் ஒட்டி, பெயரையும் வயதையும் என்னிடமே வாசிக்கச் சொன்னார். குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டவில்லை. பிய்க்கும்போது தோலும் வரும் என்று பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்துக்கு ஐந்து என்றேனே, ஆறு இருந்தால் ஆறு.

மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். பதினாறு பக்கம், வழவழ டிசைன். கடைசிப் பக்கத்தில் வண்டியின் ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒரு படம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. முள் சிவப்பின் கடைசியில் போய் நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில் "இதய நோய் அபாயம்: மிக அதிகம்". காரணம், ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரத அளவு லிட்டருக்கு 14.2 மில்லிகிராம். பக்கத்திலேயே அளவுகோல்: 1-க்குக் கீழே குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். அதோடு முடிந்தது. என் அண்ணனுக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தது. வீட்டுக்காரி அந்த முள்ளைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அளவுகோல் பொய் இல்லை. அமெரிக்க இதயச் சங்கமும் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமும் 2003-இல் சேர்ந்து சொன்னதுதான். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: எண் 10-க்கு மேல் வந்தால் இதயத்தைப் பேசாதே, உடம்பில் வேறு தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று தேடு, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடு. முதல் பாதியை அடித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். புரூஃப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை.

சி.ஆர்.பி. ஒன்றும் இதயத்துக்கென்று பிறந்த சரக்கு இல்லை. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம். கிருமியின் மேலோட்டில் இருக்கிற "சி" என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டியதால் அந்தப் பெயர். உடம்பில் எங்கே அழற்சி நடந்தாலும் இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி ஈரலுக்குப் போகும், ஈரல் இதை வடித்து விடும். தொண்டைக் கட்டு, பல் சீழ், மூட்டுவீக்கம், சிகரெட், தொப்பைக் கொழுப்பு, என் முழங்கைப் படை, எல்லாவற்றுக்கும் ஏறும். வீட்டு நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கும், பூனையைப் பார்த்தும் குரைக்கும். சத்தத்தை மட்டும் வைத்து யார் வந்தது என்று சொல்ல முடியாது. ஹெச்.எஸ். என்று முன்னால் சேர்த்தால் வேறு புரதமாகிவிடாது, அதே புரதத்தைக் குறைந்த அளவிலும் நுணுக்கமாக அளக்கிற முறை, அவ்வளவுதான். அந்த நுணுக்கத்துக்குத்தான் கூடுதல் காசு. காய்ச்சலோடு இருக்கிறவனுக்கு அந்த நுணுக்கம் எதற்கு?

லேபுக்குப் போன் போட்டேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, மிஷின் குடுக்க நம்பரைத்தான் நாங்க அடிக்கோம். அந்த மீட்டர் படம்லாம் ஹெட் ஆபீஸ் சாஃப்ட்வேர்ல இருந்து தானா வருது. அதுல நாங்க கை வைக்க முடியாதுல்லா."

"காய்ச்சல் இருக்குன்னு நான் போன்லயே சொன்னேனே?"

"அது கால் சென்டர் அண்ணாச்சி. மெட்ராஸ்ல இருக்கு."

பிறகு டயட் ஆலோசனை இலவசம் என்று அவர்களே கூப்பிட்டார்கள். பேசியது ஒரு நிமிடம், மீதி நேரமெல்லாம் "அழற்சியைக் குறைக்கும்" கேப்சூல் விற்பனை. வைத்துவிட்டேன்.

தோல் டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கியதும் மீட்டர் பக்கத்தை அப்படியே மடித்துப் பின்னால் தள்ளினார். முதல் கேள்வி, "ஜலதோசம் எப்ப வந்தது?" அடுத்து கொழுப்புப் பக்கத்தைத்தான் எடுத்தார். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 138. பிரஷர் பார்த்தார், இடுப்பைச் சுற்றி டேப் போட்டார். பிறகு சொன்னதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது: "மீட்டர் தப்பு. ஆனா உங்க இதயத்தைப் பார்க்கணுங்கறது தப்பில்லை."

அந்த வரி நியாயமானது. சொரியாசிஸ் தோலோடு நிற்கிற நோய் இல்லை. படையில் கொதிக்கிற டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17 போன்ற அழற்சிச் செய்திப் பொருள்கள் ரத்தத்தோடு போய் ரத்தக்குழாயின் உட்சுவரையும் சும்மா விடுவதில்லை என்பதற்கு நிறைய ஆதாரம் சேர்ந்திருக்கிறது. 2006-இல் ஜெல்ஃபான்ட் குழு, பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. கடுமையான சொரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு வாய்ப்பு, நோய் இல்லாத அதே வயதுக்காரரைப்போல மூன்று மடங்கு. அதே கடுமை 60 வயதில் இருந்தால் 1.36 மடங்கு. மூன்று மடங்கு என்றதும் பதற வேண்டாம். 30 வயதில் மாரடைப்பே அபூர்வம், அபூர்வத்தின் மூன்று மடங்கும் சின்ன எண்தான். லேசான படை என்றால் இன்னும் குறைவு. 2018-இல் வந்த அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டி, சொரியாசிஸையும், ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருப்பதையும் "அபாயத்தைக் கூட்டும் காரணிகள்" வரிசையில் வைத்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை போடலாமா வேண்டாமா என்று இழுபறியாக இருக்கிறபோது தராசை ஒரு பக்கம் சாய்க்க இவை உதவும். தனியாக நின்று தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை.

அப்படியானால் சி.ஆர்.பி. சும்மாவா? அதுவும் இல்லை. 2024-இல் ரிட்கர் குழு வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 28,000 ஆரோக்கியமான அமெரிக்கப் பெண்களை முப்பது வருடம் பின்தொடர்ந்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒரே தடவை எடுத்த ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. மேல் ஐந்திலொரு பங்கில் இருந்தவர்களுக்கு, கீழ் ஐந்திலொரு பங்கில் இருந்தவர்களைவிட இதயச் சிக்கல் 1.7 மடங்கு. எல்.டி.எல்.-க்கு அதே கணக்கு 1.36. ஆக, இந்த எண் எதையோ பார்க்கிறது. ஆனால் சி.ஆர்.பி.யே குற்றவாளியா என்றால் இல்லை. பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை என்று பெரிய மரபணு ஆய்வுகள் காட்டின.

அழற்சியைக் குறைத்தால் இதயம் பிழைக்குமா என்பதில்தான் கதை சூடு பிடிக்கிறது, கேப்சூல் விற்கிறவர்கள் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். 2017-இல் வந்த கான்டோஸ் சோதனை: ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாத 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அடக்குகிற கானகினுமாப் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. கொழுப்பு அப்படியே இருக்க, அழற்சி மட்டும் குறைந்து, 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு இதயச் சிக்கல் 15 சதவீதம் குறைந்தது. கூடவே தொற்றால் இறப்பது கொஞ்சம் கூடியது. அடுத்து என் மாத்திரையையே சோதித்தார்கள்: 4,786 இதய நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட். சி.ஆர்.பி.யும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 2018 கடைசியில் இந்த முடிவு வந்தது. சொரியாசிஸ் மாத்திரை சாப்பிடுகிறேனே, இதயத்துக்கும் சேர்த்துக் காவல் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொள்ள இனி வழியில்லை. டி.என்.எஃப்.-ஐ அடக்குகிற, விலை உயர்ந்த அடாலிமுமாப் ஊசியை சொரியாசிஸ்காரர்களுக்குப் போட்டுப் பெருந்தமனியை ஸ்கேன் எடுத்த ஒரு சோதனையிலும் தோல் தெளிந்தது, தமனியின் அழற்சியில் மாற்றம் தெரியவில்லை.

நம் ஊர்ச் சம்பந்தமுள்ள மருந்து ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு, கோல்ச்சிசின். நம் மாநிலப் பூ செங்காந்தள், வேலியோரம் கார்த்திகையில் தீ நாக்காகப் பூக்குமே, அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கிற பொருள். கண்வலிக் கிழங்கு என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். 2020-இல் 5,522 பேரிடம் நடந்த சோதனையில், நாட்பட்ட இதய நோய் உள்ளவர்களுக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்ததில் சிக்கல்கள் 31 சதவீதம் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் இதயத்துக்கென்றே அனுமதி கிடைத்தது. 2024-இல் வந்த இன்னொரு பெரிய சோதனையில், மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அரை மில்லிகிராம் என்பதை மட்டும் இன்னொரு தரம் வாசியுங்கள். கிழங்கைத் தின்று உயிரை விட்ட கதைகள் நம் கிராமங்களில் இருக்கின்றன. யாராவது இயற்கை வைத்தியம் என்று நீட்டினால் கையைத் தட்டிவிடுங்கள்.

பேக்கேஜுக்குத் திரும்புகிறேன். அதில் இருந்த ஐ.ஜி.ஈ. அலர்ஜிக்கானது, சொரியாசிஸுக்கு அதில் வேலை இல்லை. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது, ஆனால் அழற்சி இருந்தாலும் தானாக ஏறும். எனக்கும் ஏறியிருந்தது, அதற்கும் ஒரு சிவப்பு அம்புக்குறி. அழற்சியைக் காட்டுகிற இன்னொரு டெஸ்டான ஈ.எஸ்.ஆர். ரத்தச்சோகைக்கும் ஏறும், வயதுக்கும் ஏறும். "இம்யூனிட்டி" என்ற தலைப்பில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். அதைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று கூட நோட்டீசில் இல்லை. சொரியாசிஸ்காரனுக்கு எதிர்ப்புச் சக்தி கூடிப்போனதுதான் பிரச்சினையே. இன்னொன்று, லேப்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கிறது. அந்த அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகக் கொடுப்பது. உள்ளே சில டெஸ்டுகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆறு பாயின்ட் எழுத்தில் ஒரு நட்சத்திரம், கடைசிப் பக்கத்தில் "அங்கீகார வரம்பில் இல்லை" என்று அதன் விளக்கம். நானே அந்த அளவு எழுத்தை அடிக்கத் தயங்குவேன்.

காய்ச்சல் எல்லாம் போய் உடம்பு தெளிந்த பிறகு, டாக்டரம்மா சொன்ன நாளில், அதே லேபில் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. மட்டும் தனியாக எடுத்தேன். 500 ரூபாய். அதே பெண்தான் வந்தார். 3.6. மூன்றுக்கு மேல்தான், ஆனால் 14.2 இல்லை. மறுபடியும் மீட்டர் படம் வந்தது, இந்தத் தடவை முள் சிவப்பின் தொடக்கத்தில். இதய டாக்டர் இந்த எண்ணையும் எல்.டி.எல்.லையும் அண்ணன் கதையையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் ஸ்டாட்டின் எழுதினார். காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார், ஈறில் ரத்தம் வருகிறது என்றதும் பல் டாக்டரிடம் அனுப்பினார். ஈறு அழற்சியும் அந்த எண்ணை ஏற்றும் என்றார்.

சொரியாசிஸ் உள்ளவர்கள் இந்த மாதிரிப் பேக்கேஜ் வாங்கலாமா என்று கேட்டால், வாங்காதீர்கள் என்பேன். கொழுப்பு, சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை, உங்கள் மருந்துக்கு வேண்டிய அணுக்கணக்கும் ஈரலும், டாக்டர் சொன்னால் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. தனித்தனியாகக் கேட்டால் தருகிறார்கள். எனக்குப் போட்ட கணக்கில் 2,999-இல் பாதிதான் வந்தது. பிரஷர் பார்க்க எந்த லேபும் வேண்டாம். ஜலதோசம், காய்ச்சல், பல்வலி, அண்மையில் தடுப்பூசி என்று ஏதாவது இருந்தால் சி.ஆர்.பி.யை மட்டும் தள்ளிப் போடுங்கள், கால் சென்டர் என்ன சொன்னாலும் சரி.

இதே லேபுக்கு மறுபடி போவேனா? போவேன், ரத்தம் எடுக்கிற கைக்காக. புக் பண்ணும்போது அந்த ஏரியாப் பெண்ணையே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அனுப்புகிறார்கள். பில் 500-க்குக் கீழே என்றால் வீட்டுக்கு வர 100 ரூபாய் தனி. ரிப்போர்ட்டை பி.டி.எஃப்.-ஆகவே கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்பினால் வலது ஓரத்தில் இருக்கிற அளவுகோல் வெட்டுப்பட்டு வருகிறது.